மூன்றாவது ஆபத்து

என் அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் உண்டு. எனக்கு அவள் மைக்செட். பெயர் வைத்தவன் நான்தான். கூட்டங்களுக்கும் போட்டிகளுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். நடை பழகிய வயதிலேயே அவள் என் கடைக்கு வந்து, தன் உயரத்துக்குச் சரியாக இருந்த ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மைக்கைக் கொடு என்று அழுவாள். கொடுத்தால் அழுகை நிற்கும். ‘மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ’ என்று நான் சொல்லிக்கொடுத்ததுதான் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். இதைச் சொன்னால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உண்மையை என்ன செய்வது?

அக்கா பேச்சுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவள். பிள்ளை மேடையில் பேசும்போது அவள் முதல் வரிசையில், மடியில் கைகளை வைத்தபடி பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பாள். மேடை ஓரத்தில் மைக்கோடு நிற்கும் எனக்குத்தான் தெரியும், அந்தக் கைகள் என்ன பாடுபடுகின்றன என்று. உள்ளங்கை மேலே உயர்ந்தால் ‘விடாதே, மேலே போ’. விரல்களை மடக்கினால் ‘நிறுத்து’. மணிக்கட்டைத் தட்டினால் ‘நேரத்தைப் பார்’. மைக்செட் எழுத்துப் படிப்பதற்கு முன்பே இந்த மூன்றையும் படித்துவிட்டாள்.

அக்காவிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. மகள் பேசி முடித்தால் மண்டபமே கைதட்டும், அவள் மட்டும் தட்டமாட்டாள். பெற்றவளே தட்டினால் நடுவர்கள் இளக்காரமாக நினைப்பார்கள் என்பாள். எத்தனை கோப்பை வந்தாலும் அக்காவின் கை மடியை விட்டு எழுந்ததில்லை. பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் இருக்கிற பட்டனையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டுவேன்.

மைக்செட்டுக்குப் பிறவியிலேயே தசைகளில் ஒரு பலவீனம். ஓடமாட்டாள், மாடிப்படி ஏறினால் கைப்பிடியை விடமாட்டாள். அதனால் பெரிய தொல்லை இல்லாமல்தான் வளர்ந்தாள். பதின்மூன்று வயதில் மளமளவென்று உயரம் கூடியபோது முதுகுத்தண்டு ஒரு பக்கமாக வளைய ஆரம்பித்தது. சீருடையின் ஒரு தோள் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. தையற்காரரிடம் அக்கா சண்டைக்குப் போனாள். அந்த வருடப் போட்டியில் மைக்செட் வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குவது ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. நான் மைக்கைக் குறை சொல்லி வேறு மைக் மாற்றினேன். ஆக, குடும்பமே சேர்ந்து துணியையும் மைக்கையும்தான் பழுது பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதுகெலும்பு மருத்துவர் ஒரு பெண்மணி. ரொம்பக் குள்ளம். அறுவை அரங்கில் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்றுதான் கத்தியைப் பிடிப்பாராம். அறையிலும் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, குட்டி ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராக உட்காருவார். நான் அவருக்கு ஸ்டூல் டாக்டர் என்று பெயர் வைத்தேன். மைக்செட்டை வெளியில் என்னோடு உட்கார வைத்துவிட்டு, அக்காவிடமும் அத்தானிடமும் அவர் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லியிருக்கிறார். வளைந்த எலும்பு ஒரு பக்க நுரையீரலை நசுக்கிக்கொண்டு வருகிறது. சும்மா விட்டால் வருடத்துக்கு வருடம் மூச்சு குறையும். கம்பி வைத்து நிமிர்த்தலாம். ஆனால் மூன்று ஆபத்துகள். நரம்பில் பட்டுவிட்டால் கால் போகலாம். ரத்தம் நிறையப் போகலாம், உள்ளே சீழ் பிடிக்கலாம். மூன்றாவது, இவள் தசைகளுக்கு இருக்கிற சக்திக்கு, அறுவை முடிந்த பிறகு தானாக மூச்சு விட வராமல் போகலாம். அப்படி ஆனால் இயந்திரம்தான் மூச்சு விடும். அது நீண்டால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். குழாய் இருக்கும்போது பேச்சு வராது. பிறகும் பழைய குரல் வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

அத்தான் பேருந்து ஓட்டுகிறவர். வாழ்க்கை முழுக்கப் பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டே இருக்கிற மனிதர். வேண்டவே வேண்டாம் என்றார். நடக்கிற பிள்ளையைப் படுக்க வைக்கவா என்றார். மூச்சு முட்டுகிற பிள்ளையை வேடிக்கை பார்க்கவா என்று அக்கா திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் என்னைத் தூது அனுப்பினார்கள். கடைசியில் அத்தான், பிள்ளை சரி என்றால் சரி என்று கையை விரித்துவிட்டார்.

ஸ்டூல் டாக்டரின் வழக்கமும் அதற்குத் தோதாக இருந்தது. பெற்றவர்கள் கையெழுத்து மட்டும் அவருக்குப் போதாது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால், என்ன செய்யப்போகிறார்கள், என்னென்ன ஆகலாம் என்று அந்தப் பிள்ளையே தன் வாயால் அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் தேதியை உறுதி செய்வார். பிள்ளைக்கு யார் சொல்வது என்று கேட்டாராம். பெற்றவளே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற பேச்சு காதில் விழுந்தால் என் அக்கா என்ன செய்வாள்? உரை எழுதினாள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. கண்ணாடி முன்னால் நிறுத்தி ஒத்திகை பார்த்தாள். என்ன கூத்து இது என்று நான் கேட்டதற்கு, பிள்ளை தைரியமாகப் பேசினால் டாக்டருக்கும் தைரியம் வரும் என்றாள். உலகத்தில் வேறு எந்த அம்மாவும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

அந்த நாளில் ஸ்டூல் டாக்டர் தன் ஸ்டூலில் உட்கார்ந்து, சொல்லும்மா என்றதுதான் தாமதம், மைக்செட் எழுந்து நின்று தொண்டையைச் செருமினாள். “பெருமதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களே, செவிலியர் பெருமக்களே” என்று ஆரம்பித்தாள். அறையில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். “என் முதுகுத்தண்டு இன்று கேள்விக்குறியாய் வளைந்து நிற்கிறது. அதை ஆச்சரியக்குறியாய் நிமிர்த்தவே இங்கு வந்துள்ளேன். இதில் ஆபத்துகள் மூன்று” என்றாள். கால் போகலாம் என்பதை ஒரு கை வீச்சோடு சொன்னாள். ரத்தத்தையும் சீழையும் இன்னொரு கை வீச்சோடு சொன்னாள். இவை எதற்கும் நான் அஞ்சப்போவதில்லை, நன்றி வணக்கம் என்று முடித்தாள். பழக்கதோஷத்தில் என் கை தட்டப் போய்விட்டது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ரொம்ப அழகா பேசினம்மா. மூணுன்னு சொன்ன, ரெண்டுதான் கேட்டேன். மூணாவது எது?” என்றார்.

எத்தனையோ மேடையில் பார்த்திருக்கிறேன், மைக்செட் தடுமாறி நான் பார்த்ததில்லை. பேந்தப் பேந்த விழித்தாள். கண் நேராக அம்மாவின் மடிக்குப் போனது. அங்கே அக்காவின் விரல்கள் மடங்கியிருந்தன. நிறுத்து. பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அந்தப் பார்வை போன வழியிலேயே டாக்டரின் பார்வையும் போனது. அவர் பைலை மூடினார்.

“இவளுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்ச பிறகு வாங்க” என்றார்.

தேதி வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். என் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, உங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறதா என்று நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. இடத்தை விட்டும் நகரவில்லை. அவசரம் என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், சீக்கிரம் வேறு தேதி பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

விஷயம் இதுதான். உரையை எழுதும்போது அக்கா மூன்றையும்தான் எழுதினாள். ஒத்திகைக்கு முன்னால் கழுத்துத் துளையை மட்டும் வெட்டிவிட்டாள். வெட்டியவள் ‘மூன்று’ என்ற வார்த்தையை மாற்ற மறந்துபோனாள். காற்புள்ளி தப்பினால்கூடப் பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றுகிறவள், தன் மகளின் தொண்டை என்று வந்தபோது கணக்கைக் கோட்டைவிட்டாள்.

வீட்டுக்கு என் வண்டியில்தான் போனோம். பாதி வழியில் மைக்செட், மூணாவது எது என்று கேட்டாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அத்தான், ஓட்டுவது நான்தான் என்றாலும், சாலையைப் பார்த்தார். பிறகு நான் கடையில் பெட்டிகளை இறக்கும்போது மைக்செட் வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, சிக்கல் இல்லாத வயரை உட்கார்ந்து சிக்கெடுத்தேன்.

“அம்மா எழுத்துல இப்படித் தப்பு வராது மாமா. வெட்டியிருக்காங்க. எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியல. அறுக்கப்போறது யாரை?” என்றாள்.

அதோடு வாயை மூடியவள்தான். மூன்றாவது எது என்று தெரியும்வரை யாரோடும் பேசமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். அந்த வீட்டில் குக்கர் சத்தம் எனக்கு முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், பிறகு அவளும் பேசாமல் இருந்து பார்த்தாள். பேச்சு நின்றுபோகலாம் என்பதை மறைத்தவளுக்கு, மறைத்ததாலேயே மகள் பேச்சை நிறுத்திய வீடு வாய்த்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையில், அத்தானால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார். அதிகம் பேசத் தெரியாத மனிதர், அதனால் சுற்றி வளைக்கவும் தெரியவில்லை.

“மூச்சு தானா வரலேன்னா மெஷின் வைப்பாங்கம்மா. ரொம்ப நாள் ஆச்சுன்னா கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வைப்பாங்க. அப்ப பேச முடியாது. குரல் திரும்பி வரும், வராமலும் போகலாம். இதுதான் மூணாவது.”

மைக்செட் தன் கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு அழுதாள். அக்கா பக்கத்தில் போய், நீ பயந்துபோய் வேண்டாம்னு சொல்லிட்டா என்ன செய்யறதுன்னுதான்டி, என்று ஆரம்பித்தாள்.

“சொன்னா அது என் பதில்ம்மா. நீ எழுதின பதில் இல்ல” என்றாள் மகள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மைக்செட் நெடுநேரம் வெளியே வரவில்லை. நான் நேர்மையாகச் சொல்கிறேன், அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் குரலை மூலதனமாக வைத்து எத்தனை பெருமையடித்திருக்கிறேன் நான்.

டாக்டரைத் திரும்பப் பார்க்க அவள்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. பெருமக்களே என்று யாரையும் விளிக்கவில்லை. திக்கித் திக்கி, நடுவில் மூச்சு வாங்கி, தன் சொந்த வார்த்தைகளில் மூன்றையும் சொன்னாள். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் உடைந்தது, திரும்ப முதலிலிருந்து சொன்னாள். போட்டியாக இருந்தால் ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

“எனக்குப் பயமா இருக்கு. ஆனா மூச்சு இல்லாம குரலை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? சரின்னு சொல்றேன். ஒரு நிபந்தனை. மூணாவது வந்தா என்னைக் கேக்கணும். என் தலைக்கு மேல பேசக் கூடாது.”

ஸ்டூல் டாக்டர் உடனே தலையாட்டிவிடவில்லை. அங்கேதான் அந்த அம்மாள்மேல் எனக்கு மரியாதை வந்தது. உனக்கு இன்னும் வயது வரவில்லை, கையெழுத்து அம்மா அப்பாவுடையதுதான் என்றார். ஒரு நொடியில் மூச்சு நின்றால் உன்னைக் கேட்க நேரம் இருக்காது, காப்பாற்றிவிட்டுத்தான் பேசுவேன் என்றார். நேரம் இருந்தால், நீ விழித்திருந்தால், உன்னைக் கேட்காமல் உன் கழுத்தைத் தொடமாட்டேன் என்றார். மைக்செட் யோசித்துப் பார்த்து, அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

மூச்சு இயந்திரத்தின் குழாய் வாயில் இருந்தால் எப்படிப் பதில் சொல்வாய் என்று டாக்டர் கேட்டார். அதற்குத்தான் அவள் தயாராக வந்திருந்தாள். உள்ளங்கையை உயர்த்திக் காட்டி, இது மேலே போங்க, என்றாள். விரல்களை மடக்கி, இது நிறுத்துங்க. மணிக்கட்டைத் தட்டி, இது எவ்வளவு நேரம், எவ்வளவு நாள். அக்கா தன் கைகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் மூன்றையும், கேட்காமல் கழுத்தைத் தொடக் கூடாது என்பதையும் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு, உன் கட்டிலில் மாட்டிவைக்கிறேன் என்றார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் காலை அசைக்கச் சொன்னார்கள். பத்து விரலையும் பியானோ வாசிப்பதுபோல ஆட்டிக் காட்டினாள். முதல் ஆபத்து ஒழிந்தது. ரத்தம், சீழ் என்று எதுவும் இல்லை, இரண்டாவதும் ஒழிந்தது. அத்தான் நடைபாதையில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதுதான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். கொஞ்ச நேரம் தானாக மூச்சு விட்டாள். பிறகு விலா எலும்புகள் உள்ளே இழுத்துக்கொண்டன, உதடு நிறம் மாறியது, ஓடிவந்து குழாயைத் திரும்பப் போட்டார்கள். சில நாட்கள் கழித்து இன்னொரு தடவை எடுத்தார்கள், அதே கதை. தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர், நெடுநெடுவென்று உயரமான மனிதர், எங்களைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் பேசினார். வாய்வழிக் குழாயை இன்னும் நாள் கணக்கில் வைத்திருந்தால் தொண்டை புண்ணாகும். மூன்றாவது தடவை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் மூச்சு நின்றால் திரும்பப் போடுவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். கழுத்தில் துளை போடுவதுதான் தன் யோசனை என்றார்.

அங்கேதான் என் அக்காவும் அத்தானும் கட்சி மாறினார்கள். அறுவை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற அக்கா, கழுத்து என்றதும் மாட்டேன் என்றாள். “அவ குரல்ல கை வைக்க விடமாட்டேன். இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க” என்றாள். கத்தியே வேண்டாம் என்று பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்த அத்தானோ, வாழ்க்கையில் முதல்முறையாக வேகத்தைக் கூட்டினார். “எடுத்து, மூச்சு நின்னா? குரல் இல்லாட்டியும் என் பொண்ணு எனக்கு வேணும். ஓட்டை போடுங்க டாக்டர்.” நான் சும்மா இருந்தேனா? வேறு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமே என்று என் பங்குக்குக் கொளுத்திப் போட்டேன். உயர டாக்டர் ஒருத்தருக்குப் பதில் சொன்னால் இன்னொருத்தர் பாய்ந்தார். பெற்றவர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் மருத்துவமனைக் குழுதான் கூட வேண்டும் என்று அவரும் குரலை உயர்த்தினார்.

அப்போது மானிட்டர் அலறியது. சண்டையை விட்டுவிட்டு அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். நர்ஸ் ஓடிவந்து பார்த்தார், மைக்செட்டின் விரலில் மாட்டியிருந்த கிளிப் கழன்று கிடந்தது. மாட்டிவிட்டார். சத்தம் நின்றது. நாங்கள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தோம். மறுபடியும் அலறல். இந்தத் தடவை நர்ஸ் கிளிப்பை மாட்டாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“கழண்டு விழல. இவளேதான் கழட்டுறா” என்றார்.

போட்டியில் நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள். கையில் மணி இல்லாத பிள்ளை, இருந்ததை வைத்து அடித்திருக்கிறாள். நாங்கள் குனிந்து பார்த்தோம். வாயில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, கண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, எங்கள் மூன்று பேரையும் பார்த்து, விரல்களை மடக்கினாள். நிறுத்துங்க. பிறகு உயர டாக்டரைப் பார்த்தாள். தலைமாட்டில் மாட்டியிருந்த அட்டையைக் கண்ணால் காட்டினாள். அவர் அதைப் படித்தார். பாவம், அந்த மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. என்னோடு நீ பேசுவதற்கு முன்னால் உன் முதுகு டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். உள்ளங்கை உயர்ந்தது.

ஸ்டூல் டாக்டர் ஸ்டூலோடு வந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, இரண்டு வழியையும் சொன்னார். இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பதில் என்ன ஆகலாம், துளை போட்டால் என்ன ஆகலாம். ஒன்றையும் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. அக்கா தன் முந்தானை முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மைக்செட் மணிக்கட்டைத் தட்டினாள். எவ்வளவு நாள்?

“தெரியாதும்மா. சில வாரம் ஆகலாம், மாசக்கணக்குலயும் ஆகலாம். குரல் திரும்பும்னு நம்புறேன். ஆனா சத்தியம் பண்ணமாட்டேன்” என்றார் டாக்டர். “இப்ப நீ எனக்குத் திருப்பிச் சொல்லு.”

இந்த நிலையிலுமா என்று எனக்குக் கோபம் வந்தது. மைக்செட்டுக்கு வரவில்லை. கையாலேயே சொல்ல ஆரம்பித்தாள். வாய்க் குழாயைத் தொட்டு, வெளியே இழுப்பதுபோலக் காட்டினாள். கையை நெஞ்சில் வைத்தாள், நெஞ்சு ஏறாததுபோல அந்தக் கையை அப்படியே நிறுத்தினாள். கண்ணைச் சொருகிக் காட்டினாள். அது முதல் வழி. பிறகு தொண்டைக் குழியில் ஆள்காட்டி விரலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். உதட்டின் மேல் கையைப் பொத்தினாள். நெஞ்சில் கையை வைத்து, மெதுவாக ஏற்றினாள், இறக்கினாள், ஏற்றினாள். மணிக்கட்டைத் தட்டி, கையை விரித்தாள். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. ஒன்று விடவில்லை, ஒன்று கூட்டவில்லை. கடைசியாக மூன்று விரல்களை எங்களுக்கு நேராக நீட்டினாள். இதுதான் அந்த மூன்றாவது, எனக்குத் தெரியும் என்று.

“சரியா சொல்லிட்ட” என்றார் டாக்டர். “உன் பதில்?”

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். எத்தனை மேடையில் அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன், அடுத்து என்ன என்று கேட்கிற பார்வை. அன்றைக்கு அவள் கேட்கவில்லை. அம்மாவின் கண்ணைவிட்டுத் தன் கண்ணை எடுக்காமல் தொண்டையைத் தொட்டாள். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பினாள். அந்தப் பலவீனமான கையை, கட்டில் கம்பியைத் தாண்டும் உயரத்துக்குத் தூக்கினாள். மேலே போங்க.

அத்தான் அழுதுவிட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் கைகள் வயிற்றோடு ஒட்டி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பிடி விட்டது. அக்கா கைதட்டினாள்.

ஒரு தடவை தட்டிவிட்டு நிறுத்தவில்லை. கண்ணீர் மோவாயில் சொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த அத்தனை கைதட்டலையும் அந்தக் கட்டில் முன்னால் கொட்டினாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார். நர்ஸ் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வந்தார், வந்தவர் விரலை இறக்கிக்கொண்டார். நானும் தட்டினேன். என் மருமகள் ஒரு சொல் இல்லாமல் பேசிய அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வைக்க அலமாரியில் இருக்கிற ஒரு கோப்பைக்கும் தகுதி கிடையாது. இதை நான் எந்த நடுவரிடமும் சொல்லுவேன்.

குழாயின் இரண்டு பக்கமும் மைக்செட்டின் கன்னங்கள் லேசாக விரிந்தன. அம்மாவைப் பார்த்துக்கொண்டே மணிக்கட்டைத் தட்டினாள். நேரம் முடிந்தது, போதும்.

துளை போட்ட பிறகு மாசக்கணக்கில்தான் ஆனது. பகலில் தானாக மூச்சு விடப் பழகினாள், தூங்கும்போது மட்டும் இயந்திரம். அதுவரை அந்த வீட்டில் எல்லாரும் கையால்தான் பேசினோம். அத்தான் சாம்பாரில் உப்பு குறைவு என்பதைக்கூடக் கையால் சொல்லக் கற்றுக்கொண்டார். பிறகு குழாயின் வாயில் ஒரு சின்ன மூடியைப் பொருத்தி, இனிப் பேச முயற்சி பண்ணலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வருகிறேன் என்று சொன்னவன், ஒரு மண்டபத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு மாட்டிக்கொண்டேன். பொறுப்பில்லாதவன் என்று அக்கா திட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அக்கா நம்பர்தான். எடுத்தேன். யாரும் பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, இந்தத் தடவை நான் போனைக் குறை சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, அருகில் இருந்த மைக்குக்கு முன்னால் பிடித்தேன்.

“மைக் டெஸ்டிங்” என்று காலி மண்டபம் முழுக்கக் கரகரப்பாக ஒரு குரல் கேட்டது. “ஒன்… டூ…” இழுத்து ஒரு மூச்சு. “த்ரீ.”